எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிப்பது?



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இந்தியக் குடும்பங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பிள்ளையின் கையில் தேர்வு முடிவுத் தாள் இருக்கும். அப்பா வேலைக்கு விடுப்பு எடுத்திருப்பார். அம்மா சாமிப் படத்தின் முன் விளக்கேற்றி வைத்திருப்பார். சித்தப்பா தொலைபேசியில் அழைத்து, "எத்தனை ஏ?" என்று கேட்பார். பக்கத்து வீட்டு அக்காள், "என் தங்கச்சி மகன் ஒரே இடத்துக்குத்தான் போட்டான், கிடைச்சிடுச்சு" என்பார். மாமா, "இருக்கிற இடத்துக்கெல்லாம் போட்டு வை, எது கிடைச்சாலும் சரி" என்பார்.

எத்தனை ஏ என்று கேட்பதற்கு ஆள் இருக்கிறது. எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிப்பது, எந்த வரிசையில் எழுதுவது, எந்தத் தேதிக்குள் அனுப்புவது என்று கேட்பதற்குத்தான் ஆள் குறைவு. பதினோர் ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் படித்துப் பெற்ற முடிவு, அரை மணி நேரத்தில் அவசரமாக நிரப்பிய ஒரு பாரத்தால் வீணாகிப் போவதுண்டு. நன்றாகப் படித்த பிள்ளை, அரசாங்க இடம் எதுவும் கிடைக்காமல், கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்குப் போக நேர்வதற்கு எப்போதும் புள்ளிக் குறைவே காரணம் என்று சொல்ல முடியாது. பாரம் நிரப்பிய முறையும் காரணமாகி விடுகிறது.

ஆகவே, ஒரு மாணவர் எத்தனை உயர்கல்விக்கூடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற கேள்வி சாதாரணக் கேள்வியன்று. குடும்பத்தின் பத்தாண்டுப் பொருளாதாரம் அதில் அடங்கியிருக்கிறது.

பல மரம் கண்ட தச்சன்

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது பழமொழி. அதிகமான இடங்களுக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று சொல்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். மனத்தில் உறுதி உள்ளவன் ஒன்றைக் குறிவைத்து அதையே அடைவான் என்பது அவர்கள் வாதம்.

இந்தப் பழமொழியில் உண்மை இருக்கிறது. ஆனால் அது தச்சனுக்குச் சொன்னது. தச்சன் காட்டுக்குள் நுழைந்தால் எந்த மரத்தையும் அவனே தேர்ந்து வெட்டலாம். மாணவரின் நிலை அப்படியில்லை. இங்கே தேர்ந்தெடுப்பது பல்கலைக்கழகம். மாணவர் தம் விருப்பத்தைச் சொல்லலாம். முடிவு அவர் கையில் இல்லை. முடிவு தன் கையில் இல்லாத ஒரு காரியத்தில் ஒன்றை மட்டும் நம்பி இருப்பதை மன உறுதி என்று சொல்ல முடியாது.

அதே வேளையில், மாமா சொன்னதைப் போல் இருக்கிற இடத்துக்கெல்லாம் போட்டு வைப்பதும் சரியாகாது. விருப்பமில்லாத படிப்பு கிடைத்து, முதல் பருவத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஓர் ஆண்டு போனது மட்டுமன்றி, 'நமக்குப் படிப்பு வராது' என்ற தவறான எண்ணமும் ஒட்டிக்கொள்கிறது.

ஒன்றும் போதாது, எல்லாமும் ஆகாது என்றால் எத்தனைதான் சரி? அதற்கு முன்னால் வாசல்கள் எத்தனை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே பாரம் எல்லா வாசலுக்கும் போகாது

பெற்றோர் பலரிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. இணையத்தில் ஒரு முறை விண்ணப்பித்து விட்டால் அரசாங்கம் பிள்ளையின் தகுதியைப் பார்த்து எங்காவது ஓரிடத்தில் சேர்த்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை.

எஸ்.பி.எம். முடித்த மாணவருக்கு முன்னால் தனித்தனியான பல வாசல்கள் உள்ளன. முதல் வாசல் உயர்கல்வி அமைச்சின் யு.பி.யு. விண்ணப்பம். பொதுப் பல்கலைக்கழகங்களின் அடித்தளக் கல்வி, டிப்ளோமா ஆகியவற்றுக்கும், போலிடெக்னிக், சமூகக் கல்லூரி ஆகியவற்றுக்கும் இதன்வழி விண்ணப்பிக்கலாம். போலிடெக்னிக் என்றவுடன் முகம் சுளிக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். 1969-ஆம் ஆண்டு ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார் போலிடெக்னிக்கிலிருந்து இன்றுவரை தொழில்நுட்பத் துறைக்கு ஆள் கொடுத்து வருபவை இந்தக் கழகங்களே. டிப்ளோமா முடித்தவர் அங்கிருந்து பட்டப்படிப்புக்கும் செல்ல முடியும்.

இரண்டாவது வாசல் மெட்ரிகுலேஷன். இது கல்வி அமைச்சின் கீழ் வருவது. இதற்கு வேறு விண்ணப்பம், வேறு தேதி. மூன்றாவது ஆறாம் படிவம். எஸ்.டி.பி.எம். தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. 2012-ஆம் ஆண்டு முதல் இது மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, பருவந்தோறும் தேர்வு நடைபெறுகிறது. நான்காவது ஆசிரியர் கல்விக் கழகம். நாடு முழுவதும் 27 வளாகங்கள் கொண்ட இந்தக் கழகத்தில், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பும் பிள்ளைகள் தனியே விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வையும் கடக்க வேண்டும். ஐந்தாவது, பொதுச் சேவைத் துறை போன்ற அமைப்புகள் வழங்கும் உபகாரச் சம்பளம். அதற்கும் தனி விண்ணப்பம்.

ஒரு வாசலில் தட்டினால் மற்றொரு வாசல் திறக்காது. யு.பி.யு.வில் விண்ணப்பித்தவர் மெட்ரிகுலேஷனுக்கும் விண்ணப்பித்ததாக ஆகாது. எத்தனை இடங்கள் என்று எண்ணுவதற்கு முன்னால், எத்தனை வாசல்கள் என்று எண்ண வேண்டும்.

தேதியிலும் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் எஸ்.பி.எம். முடிவு மார்ச் மாதத்தில் வந்துவிடும். கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு அந்தக் கணக்கு கலைந்துவிட்டது. 2020-ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவு 2021 ஜூன் 10-ஆம் தேதி வெளியானது. 2023-ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவு 2024 மே 27-ஆம் தேதியும், 2024-ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவு 2025 ஏப்ரல் 24-ஆம் தேதியும் வெளியாயின. சில விண்ணப்பங்கள் முடிவு வருவதற்கு முன்பே திறக்கப்பட்டு விடுகின்றன. ஆகவே, "எங்க அண்ணன் படிச்ச காலத்துல இந்த மாசம்தான் போட்டோம்" என்ற பேச்சு உதவாது. அந்தந்த ஆண்டின் அதிகாரத்துவ அறிவிப்பே பேச வேண்டும்.

மெட்ரிகுலேஷனை மட்டும் நம்பலாமா?

இந்தியக் குடும்பங்களில் அதிகம் பேசப்படுவது மெட்ரிகுலேஷன்தான். பல்கலைக்கழகத்துக்கு ஓராண்டில் போய்விடலாம் என்பதால் அதன்மேல் ஆசை. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அங்குள்ள இடங்கள் எத்தகையவை என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

மெட்ரிகுலேஷன் இடங்கள் 90 விழுக்காடு பூமிபுத்ரா மாணவர்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்று வகுக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்த அமைச்சரவை முடிவு செய்தபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024 ஜூன் மாதத்தில், 10 ஏ-வும் அதற்கு மேலும் பெறும் மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். மிகச் சிறந்த தேர்ச்சி பெற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் 10 பாடங்கள் எடுக்காத பிள்ளைகள், 7 ஏ, 8 ஏ பெற்ற பிள்ளைகள்தாம் எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்கு உறுதி எதுவும் இல்லை.

அவர்கள் மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பிக்கட்டும். கூடவே ஆறாம் படிவத்தையும் கையில் வைத்துக்கொள்ளட்டும். "ஆறாம் படிவம் கஷ்டம்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். கஷ்டம் என்பது உண்மைதான். ஆனால் வீட்டிலிருந்து போய் வரலாம். செலவு மிகக் குறைவு. அந்தச் சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்றவுடன், ஆறாம் படிவத்தைத் திரும்பியும் பாராமல் ஆயிரக்கணக்கான வெள்ளி கட்டித் தனியார் கல்லூரிக்கு ஓடும் குடும்பம், இலவசமாகக் கிடைத்த பாதையை விட்டுக் கட்டணப் பாதைக்குப் போகிறது.

பன்னிரண்டு வரிகள்

அடுத்த கட்டத்திற்கு வருவோம். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்த மாணவர் பட்டப்படிப்புக்கு யு.பி.யு. வழி விண்ணப்பிக்கிறார். அவருக்கு 12 தெரிவுகள் வரை எழுத இடம் உண்டு. நாட்டிலுள்ள பொதுப் பல்கலைக்கழகங்கள் 20. அவற்றுள் யு.ஐ.டி.எம். பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. எஞ்சியவற்றிலிருந்து, தமது தகுதிக்கு ஏற்ற படிப்புகளைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும்.

மாணவரைத் தேர்ந்தெடுப்பது மெரிட் புள்ளி. கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவியின் சராசரிப் புள்ளி 4.00-க்கு 3.50. அதை நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்கினால் 78.75 வரும். புறப்பாடத்தில் அவருக்கு 8 புள்ளி. இரண்டும் சேர்ந்தால் 86.75. இந்த எண்ணைக் கணக்கிட்டுக் கையில் வைத்துக்கொள்ளாமல் எவரும் பாரத்தைத் திறக்கக் கூடாது.

முந்திய ஆண்டில் ஒவ்வொரு படிப்புக்கும் சேர்ந்த மாணவர்களின் சராசரி மெரிட் புள்ளி யு.பி.யு. கையேட்டில் தரப்படுகிறது. இந்தச் சராசரியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சராசரி 88 என்றால் 88-க்குக் குறைந்தவர் யாரும் சேரவில்லை என்று பொருளில்லை. அதற்கு மேலும் இருந்தார்கள், கீழும் இருந்தார்கள்; அதனால்தான் அது சராசரி. ஆகவே ஒன்றிரண்டு புள்ளி குறைவாக இருப்பவர் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. பத்துப் புள்ளி குறைவாக இருப்பவர் அதையே மலைபோல் நம்பியிருக்கவும் கூடாது.

ஒரே வாய்ப்பைப் பன்னிரண்டு முறை எழுதுவது

பெரும்பாலான ஏமாற்றம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

அந்த 86.75 புள்ளி மாணவியையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாருக்கும் அவர் டாக்டராக வேண்டும் என்று ஆசை. பாரத்தை நிரப்புகிறார். மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம்., யு.எஸ்.எம்., யு.பி.எம்., யுனிமாஸ், யு.எம்.எஸ். என்று ஆறு இடங்களில் மருத்துவம். அடுத்து மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம்., யு.எஸ்.எம். ஆகிய மூன்றிலும் பல் மருத்துவம். பிறகு அதே மூன்றிலும் மருந்தாக்கவியல். ஆறும் மூன்றும் மூன்றும் பன்னிரண்டு. எல்லா வரிகளும் நிரம்பிவிட்டன. "பன்னிரண்டு போட்டிருக்கேன், ஒண்ணாவது கிடைக்காதா?" என்று அம்மாவிடம் சொல்கிறார். அம்மாவும் நம்புகிறார்.

உண்மையில் அவர் எழுதியது பன்னிரண்டு வாய்ப்புகளா? இல்லை. இந்தப் பன்னிரண்டு படிப்புகளுக்கும் போட்டியிடுபவர்கள் ஏறக்குறைய ஒரே கூட்டத்தினர். 4.00 எடுத்தவர்கள் நாடு முழுவதிலுமிருந்து இந்த இடங்களுக்காகவே வரிசையில் நிற்கிறார்கள். 4.00 எடுத்தும் மருத்துவம் கிடைக்கவில்லை என்ற செய்தி இந்நாட்டுப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்திருக்கிறது. முதல் வரியில் புள்ளி போதவில்லை என்றால், அதே உயரத்திலுள்ள அடுத்த வரிகளிலும் பெரும்பாலும் போதாது. ஒரே வாய்ப்பைத்தான் அந்த மாணவி பன்னிரண்டு முறை எழுதியிருக்கிறார். ஒன்று தவறினால் பன்னிரண்டும் சேர்ந்தே தவறும்.

மாறாக, அவர் இப்படி எழுதியிருந்தால்? ஆசையை விட வேண்டாம். முதல் இரண்டு மூன்று வரிகளில் உயரமான தெரிவுகளையே எழுதட்டும். அடுத்த நான்கைந்து வரிகளில் தம் புள்ளிக்கு நெருக்கமான படிப்புகளை எழுதட்டும். மருத்துவமனையில் டாக்டர் மட்டுமா வேலை செய்கிறார்? உயிர்மருத்துவ அறிவியல், உடற்பயிற்சிச் சிகிச்சை, உணவுமுறை இயல், ஆப்டோமெட்ரி என்னும் கண்பார்வைத் துறை, காது கேட்புத் திறனையும் பேச்சுக் குறைபாட்டையும் கவனிக்கும் துறை என எத்தனையோ உண்டு. கடைசி மூன்று நான்கு வரிகளில், முந்திய ஆண்டுச் சராசரி தம் புள்ளியைவிட நன்றாகக் குறைவாக இருக்கும் படிப்புகளை எழுதட்டும். அவற்றிலும் தமக்குப் பிடித்தவையாகப் பார்த்து எழுதட்டும்.

இப்போது அதே பன்னிரண்டு வரிகள் மூன்று உயரங்களில் நிற்கின்றன. மேலே உள்ளவை போனாலும் நடுவில் உள்ளவை இருக்கும். நடுவில் உள்ளவை போனாலும் கீழே உள்ளவை இருக்கும்.

முதன்மைச் சுற்றில் ஒருவருக்கு ஓர் இடம்தான் வழங்கப்படும். அது எது என்பதைப் புள்ளி, காலியிடம், எழுதிய வரிசை ஆகியவை சேர்ந்து முடிவு செய்கின்றன. எனவே வரிசையை விளையாட்டாக எழுதக் கூடாது. உண்மையில் அதிகம் விரும்புவதே மேலே இருக்க வேண்டும். தோழி எழுதினாள் என்பதற்காகவோ, பெயர் நன்றாக இருக்கிறது என்பதற்காகவோ எழுதும் வரி, பிறகு நான்கு ஆண்டு வாழ்க்கையாக வந்து நிற்கும். கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் மேல்முறையீட்டில் கிடைப்பது மற்றவர்கள் எடுத்ததுபோக மிஞ்சிய இடம்தான்.

பிற நாடுகளில் என்ன வழக்கம்?

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு யுகாஸ் என்னும் பொது அமைப்பின்வழி விண்ணப்பிக்கிறார்கள். அங்கே ஒருவருக்கு ஐந்து தெரிவுகள்தாம். அந்த ஐந்திலும் மருத்துவத்துக்கு நான்கை மட்டுமே எழுதலாம் என்பது விதி. ஐந்தாவது வரியில் வேறு படிப்பை எழுதிக்கொள்ளலாம். மருத்துவம் ஒன்றையே ஐந்து முறை எழுத அங்கே விதியே இடம் கொடுப்பதில்லை. இடங்கள் கிடைத்த பிறகும், உறுதியான தெரிவு ஒன்று, அது கைகூடாவிட்டால் காப்பாக ஒன்று என்று இரண்டை வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் காமன் ஆப் எனப்படும் பொது விண்ணப்பத்தில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். ஆனால் பெரும்பாலான கல்லூரிகளுக்குத் தனித்தனிக் கட்டணம், பலவற்றுக்குத் தனிக் கட்டுரை. இருபதுக்கும் எழுதத் தொடங்குபவர் ஒன்றையும் உருப்படியாக எழுத முடியாமல் தவிப்பதுண்டு. தச்சனின் பழமொழி அங்கே பொருந்தும்.

இதிலிருந்து தெரிவது என்ன? ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பணமும் உழைப்பும் தனியே செலவாகும் இடத்தில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஒரே பாரத்தில் கூடுதல் வரி எழுதக் கூடுதல் செலவில்லாத இடத்தில் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது. யு.பி.யு.வில் மூன்று வரிகளை மட்டும் எழுதி ஒன்பதை வெறுமையாக விடுவது, கொடுத்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதற்குச் சமம்.

தனியார் கல்லூரிகளில் எத்தனை?

தனியார் கல்லூரியின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் மாணவர்தான். தகுதி இருந்தால் இடம் கிடைக்கும். கட்டணம் கட்ட முடியுமா என்பதே கேள்வி. ஆகவே பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதால் பயனில்லை. இரண்டு போதும். அந்த இரண்டையும் நன்றாக விசாரிக்க வேண்டும்.

முதலாவது, படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பது. 2007-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பு, அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது. கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. சேரப்போகும் படிப்பின் பெயர் அதில் இருக்க வேண்டும். மருத்துவம் போன்ற துறையாக இருந்தால் மருத்துவ மன்றத்தின் அங்கீகாரமும் வேண்டும்.

இரண்டாவது, முழுச் செலவு எவ்வளவு என்பது. முதல் பருவக் கட்டணத்தை மட்டும் சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். முழுப் படிப்புக்கும் ஆகும் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, பேருந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறதே என்பார்கள். 1997-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்த நிதிக் கழகம் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியிருக்கிறது. ஆனால் அது கடன்; திருப்பிக் கட்ட வேண்டியது. கிடைக்கும் தொகை கட்டணம் முழுவதற்கும் போதும் என்ற உறுதியும் இல்லை. மீதிக்கு அப்பாவின் சேமநிதியும் அம்மாவின் நகையும்தான் போகின்றன.

மூன்றாவது, முன்பணம். யு.பி.யு. முடிவு வருவதற்கு முன்பே, "இன்றே பதிந்தால் கழிவு உண்டு, நாளைக்கு இடம் இருக்காது" என்று சொல்லி முன்பணம் கேட்கும் இடங்கள் உண்டு. கட்டிய பிறகு அரசாங்க இடம் கிடைத்தால் அந்தப் பணம் திரும்பி வருமா? வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கட்ட வேண்டும். எழுதிக் கொடுக்க மறுத்தால் அதுவே பதில்.

வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியது

இனிச் சொல்லப்போவது பள்ளி ஆலோசக ஆசிரியராலும் செய்ய முடியாதது. குடும்பம் மட்டுமே செய்யக்கூடியது.

கோத்தா கினபாலுவில் உள்ள யு.எம்.எஸ்.ஸில் இடம் கிடைத்த மகளை, "அவ்வளவு தூரம் பொம்பளைப் பிள்ளையைத் தனியா எப்படி அனுப்புறது?" என்று அப்பா நிறுத்திவிடுகிறார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்ட நேரம்தான் தவறு. பாரம் நிரப்பும் நாளில் கேட்டிருந்தால், அந்த வரியில் வேறோர் இடத்தை எழுதியிருக்கலாம். அல்லது மகள் பேசி அப்பாவைச் சம்மதிக்க வைத்திருக்கலாம். இடம் கிடைத்த பிறகு மறுத்தால், போவது ஓர் இடம் மட்டுமன்று. மகளின் ஓர் ஆண்டும் போகிறது.

எனவே ஒவ்வொரு வரியையும் குடும்பமாக உட்கார்ந்து படித்து, "இது மட்டும் கிடைத்தால் போவாயா? அனுப்புவோமா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், அந்த வரியை அடித்துவிட்டு வேறொன்றைத் தேட வேண்டும்.

பாரத்தைப் பிள்ளையே நிரப்ப வேண்டும். மாமா மகன் நிரப்பிக் கொடுத்தான், கடையில் ஒருவர் நிரப்பிக் கொடுத்தார் என்றால், கடவுச்சொல் அவரிடம், மின்னஞ்சல் அவரிடம், தொலைபேசி எண்ணும் அவருடையது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு எங்கோ போய்விடும். இடம் கிடைத்தும் ஏற்றுக்கொள்ளும் தேதி கடந்துவிடும். ஒரு பயிற்சிப் புத்தகம் போதும். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, விண்ணப்பித்த நாள், பதிவு எண், கடவுச்சொல், முடிவு வரும் நாள், ஏற்றுக்கொள்ளக் கடைசி நாள் ஆகியவற்றை எழுதி வைத்தால் போதும். ஐந்து வெள்ளி கூட ஆகாது.

புறப்பாடத்தின் பத்துப் புள்ளியையும் கடைசி நேரத்தில் தேட முடியாது. சங்கம், விளையாட்டு, சீருடை இயக்கம் ஆகியவற்றின் சான்றிதழ்களைச் சேர்த்து வைக்க வேண்டும். "திடல்ல விளையாடினது போதும், போய்ப் படி" என்று மாலையில் பிள்ளையை இழுத்து வரும் பெற்றோர், அந்தத் திடலிலும் புள்ளி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஒரு புள்ளி வேறுபாட்டில் இடம் இழந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சரி, எத்தனை?

தொடங்கிய கேள்விக்கே வருவோம். ஒரு மாணவர் எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும்?

யு.பி.யு.வில் பன்னிரண்டு வரிகளையும் நிரப்ப வேண்டும். மூன்று உயரங்களில், உண்மையான விருப்ப வரிசையில் நிரப்ப வேண்டும். எஸ்.பி.எம். முடித்தவராக இருந்தால் அதற்கு வெளியே மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், தகுதியும் விருப்பமும் இருந்தால் ஆசிரியர் கல்விக் கழகம், உபகாரச் சம்பளம் என்று தமக்குத் திறக்கக்கூடிய ஒவ்வோர் அரசாங்க வாசலையும் தவறாமல் தட்ட வேண்டும். தனியார் கல்லூரிகளில் நன்றாக விசாரித்த இரண்டு போதும். அதுவும் அரசாங்க முடிவுகள் தெரியும்வரை முன்பணத்தைப் பற்றி அவசரப்படாமல்.

இவ்வளவும் செய்த பிறகும் சில பிள்ளைகளுக்கு விரும்பியது கிடைக்காமல் போகலாம். இடங்கள் குறைவு, போட்டி அதிகம், ஒதுக்கீட்டு முறையில் மனக்குறையும் உண்டு. அந்தக் குறைகளைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வெறுமையாக விடப்பட்ட ஒன்பது வரிகளுக்கு எந்த அமைச்சும் பொறுப்பாகாது. விண்ணப்பிக்காத இடத்தைக் கிடைக்கவில்லை என்று சொல்லவும் முடியாது.

இந்த ஆண்டு முடிவு வெளியாகும் நாளில் சித்தப்பா அழைத்து, "எத்தனை ஏ?" என்று கேட்கட்டும். அப்பா அதற்குப் பதில் சொல்லட்டும். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எத்தனை வரி எழுதியிருக்கே? வா, ஒவ்வொண்ணாப் படிச்சுக் காட்டு" என்று கேட்கட்டும். அந்த ஒரு மாலை நேரம் பிள்ளையின் நான்கு ஆண்டுகளைக் காப்பாற்றிக் கொடுக்கும்.